வயலேறிய கடற்பாசி: ஒரு பயிரூக்கியின் வரலாறு

பயிருக்கு நேரடி உணவாகாமலும் பூச்சியையோ பூசணத்தையோ கொல்லாமலும், செடியின் உடலுக்குள் ஏற்கெனவே அமைந்துள்ள திறன்களைத் தூண்டி, வறட்சி, வெப்பம், உப்பு ஆகிய இடர்களைத் தாங்கவும் விளைபொருளின் தரத்தை உயர்த்தவும் துணைபுரியும் பொருள்களை இன்றைய வேளாண் அறிவியல் உயிரூக்கிகள் என்று அழைக்கிறது. உரக்கடைகளில் ‘டானிக்’ என்ற பொதுப்பெயரில் விற்கப்படும் புட்டிகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவையே. மட்கிலிருந்தும் பழுப்பு நிலக்கரியிலிருந்தும் எடுக்கப்படும் ஹியூமிக் அமிலம், புரதத்தைச் சிதைத்துப் பெறும் அமினோ அமிலங்கள், நுண்ணுயிர்களிலிருந்து பிரித்த பொருள்கள் எனப் பலவும் இதில் அடங்கினாலும், உழவரோடு மிக நீண்ட காலம் பழகியது கடற்பாசிதான். ஒரு காலத்தில் வண்டி வண்டியாக வயலில் கொட்டப்பட்ட பாசி, இன்று சில மில்லிலிட்டர் சாறாக நீரில் கலந்து இலைமேல் தெளிக்கப்படுகிறது. அளவு இவ்வாறு சுருங்கியபோது, பாசி பயிருக்குள் செய்யும் வேலை என்ன என்ற புரிதலும் தலைகீழாக மாறியது.

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானிய வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லா, கோசு நாற்றைப் பிடுங்கி நடும்போது அதன் வேரில் கடற்பாசியைச் சுற்றி நடும் முறையைக் குறிப்பிட்டிருக்கிறார். பிரான்சின் பிரித்தானிக் கரையிலும், ஜெர்சி முதலிய கால்வாய்த் தீவுகளிலும், அயர்லாந்தின் மேற்கேயுள்ள அரன் தீவுகளிலும் அலை ஒதுக்கிய பாசியை அள்ளி வயலில் இடுவது பல நூற்றாண்டு வழக்கமாக இருந்தது. அரன் தீவுகளில் வெறும் பாறைமேல் மணலையும் பாசியையும் மாறி மாறிப் பரப்பி, விளைநிலத்தையே மக்கள் கையால் உருவாக்கினார்கள். பாசிக்குப் போட்டி எழுந்த இடங்களில் சட்டமும் உருவானது. பதினான்காம் லூயியின் அமைச்சர் கொல்பேர் 1681இல் வகுத்த கடற்சட்டம், கரையோரப் பாசியை யார், எப்போது அறுக்கலாம் என்பதற்குத் தனி விதிகளைக் கொண்டிருந்தது. தமிழ் வழங்கும் கரைகளிலும் இந்த வழக்கம் இருந்தது. தமிழகக் கடலோரத் தென்னந்தோப்புகளில் பாசி அடியுரமாக இடப்பட்டது. யாழ்ப்பாணத் தீவுப்பகுதிகளில் கரையொதுங்கும் கடல்தாவரங்களைச் சாதாளை என்று அழைத்து, அள்ளிச் சேர்த்துப் பசளையாக்கினார்கள்.

இந்த வழக்கங்கள் அனைத்திலும் பாசி உரமாகவே கருதப்பட்டது. அந்தக் கருத்துக்குக் காரணமும் இருந்தது. கடற்பாசியில் சாம்பல்சத்து மிகுதி, களைவிதை இல்லை, பழுப்புப் பாசிகளின் உடலிலுள்ள அல்ஜினேட் என்ற வழவழப்பான பொருள் மண்துகள்களைப் பிணைத்து ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஆனால் ஈரப்பாசியில் பெரும்பகுதி நீர் என்பதால் வண்டிப் பாரம் கடற்கரையைத் தாண்டி வெகுதூரம் போக முடியவில்லை. உள்நாட்டு உழவர் பாசியைக் கண்ணால் காணாமலே வாழ்ந்ததற்கு இந்தப் பாரமே காரணம்.

பாசி கரையைத் தாண்டுவதற்கு வேதியியல் வழிவகுத்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துத் தீவுகளில் பாசியை எரித்து, அதன் சாம்பலைக் கண்ணாடி, சோப்புத் தொழில்களுக்கு விற்றார்கள். 1811இல் பிரான்சில் வெடியுப்புத் தயாரித்துவந்த பெர்னார் கூர்துவா, அத்தகைய சாம்பலிலிருந்து அயோடினைக் கண்டுபிடித்தார். 1880களில் எட்வர்ட் ஸ்டான்ஃபோர்ட் பழுப்புப் பாசியிலிருந்து ஆல்ஜின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்குச் சணல் வருவது அரிதானபோது, அல்ஜினேட் இழையைச் சணலுக்கு மாற்றாக்கும் முயற்சியில் ரெஜினால்ட் மில்டன் என்ற உயிர்வேதியியலாளர் ஈடுபட்டிருந்தார். போருக்குப் பின் அவர் அந்த அனுபவத்தை வேறு பக்கம் திருப்பி, பாசியைக் காரக் கரைசலில் இட்டு, உயர் அழுத்தத்தில் சூடாக்கி நீர்மமாக்கும் முறையை 1947இல் உருவாக்கினார். 1952இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. மாக்சிகிராப் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த சாறு இந்த முறையில் தயாரானதே. பாசி முதன்முறையாகப் புட்டிக்குள் புகுந்து, கடலே இல்லாத ஊர்களுக்குப் பயணப்பட்டது.

புட்டியோடு ஒரு புதிரும் பிறந்தது. பலநூறு மடங்கு நீர்த்துத் தெளிக்கப்படும் சாற்றில் உள்ள தழை, மணி, சாம்பல் சத்துகளைக் கணக்கிட்டால், ஏக்கருக்குக் கிடைப்பது சில கிராம்களைத் தாண்டாது. அப்படியிருக்க, வேர் பெருத்தது, காய்பிடிப்புக் கூடியது, பழம் அதிக நாள் கெடாமல் இருந்தது என்று தோட்டக்காரர்கள் கூறியதற்கு உரக்கணக்கில் விடை இல்லை. அறிவியலாளர் பலர் இவற்றை விற்பனையாளரின் மிகைப்பேச்சு என்று ஒதுக்கினார்கள். 1955இல் அமெரிக்காவில் கைனெடின் என்ற பொருளும், அதன் வழியாகச் செல்பிரிதலைத் தூண்டும் சைட்டோகைனின் என்ற செடிச்சுரப்பு வகையும் கண்டறியப்பட்ட பிறகே ஒரு விளக்கம் உருப்பெற்றது. 1970களில் பாசிச் சாற்றில் சைட்டோகைனின் இயல்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டின. போர்ட்ஸ்மவுத்தைச் சேர்ந்த ஜெரால்ட் பிளண்டன் முதலியோர், செல்லின் நீர்ச்சமநிலையைக் காக்கும் பீட்டைன் சேர்மங்களையும் பாசியில் கண்டார்கள். அந்த விளக்கமும் நெடுங்காலம் முழுமையாக நிலைக்கவில்லை. வட அட்லாண்டிக் கரைகளில் வளரும் அஸ்கோஃபில்லம் பாசியின் சாற்றை வைத்து நடத்தி 2013இல் வெளியிடப்பட்ட ஆய்வு, சாற்றிலுள்ள சுரப்புகளின் அளவு விளைவை விளக்கப் போதாது என்றும், சாறு பட்ட செடி தன் சொந்தச் சுரப்புகளின் உற்பத்தியை மாற்றிக்கொள்கிறது என்றும் காட்டியது. சாறு செடிக்கு எதையும் ஊட்டவில்லை, ஒரு செய்தியைச் சொல்கிறது என்ற இன்றைய கருத்து இவ்வாறு உறுதிப்பட்டது.

இதற்கு இணையாக, செடியின் நோய் எதிர்ப்பைப் பற்றிய ஆராய்ச்சியும் வளர்ந்தது. புகையிலையின் ஓர் இலையில் தேமல் நச்சுயிரி தாக்கினால் மற்ற இலைகளும் எதிர்ப்பு பெறுகின்றன என்பதை ஃபிராங்க் ராஸ் 1961இல் விளக்கினார். ஆஸ்பிரின் கரைசல் செலுத்திய புகையிலையும் அவ்வாறே எதிர்ப்பு பெறுவதை 1979இல் ரேமண்ட் ஒயிட் காட்டினார். இந்த எதிர்ப்பை நோய் வரும் முன்பே தூண்டிவிடும் பொருள்களுக்குச் செடிச் செயலூக்கிகள் என்று பெயர். நெல் குலைநோய்க்கு ஜப்பானில் 1970களிலிருந்து பயன்படும் புரோபெனசோலும், 1996இல் ஐரோப்பியச் சந்தைக்கு வந்த அசிபென்சோலாரும் இந்த வகையின் முன்னோடிகள். பழுப்புப் பாசிகள் சேமித்துவைக்கும் லாமினாரின் என்ற மாவுப்பொருளின் அமைப்பு பூசணச் செல்சுவரின் அமைப்பை ஒத்திருப்பதால், அது மேலே பட்டதும் பூசணம் வந்துவிட்டதாக உணரும் செடி தற்காப்பைத் தொடங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் அதைப் பயிர்ப்பாதுகாப்புப் பொருளாக அனுமதித்தது. ஒரே பாசியின் சாறு உயிரூக்கியாகவும், அதன் ஒரு கூறு செயலூக்கியாகவும் இரு வேறு சட்டங்களின் கீழ் வருவதற்கு இதுவே காரணம்.

இந்தியாவில் இந்த வரலாற்றின் மையம் மன்னார் வளைகுடா. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய அகர் வருவது நின்றபோதுதான், ஆய்வகங்களுக்கும் மருத்துவத்துக்கும் வேண்டிய அந்தக் கூழ்ப்பொருளை உள்நாட்டுப் பாசியிலிருந்து எடுக்கும் முயற்சி வேகம் பெற்றது. 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் இயங்கியது. 1954இல் பாவ்நகரில் அமைந்த மத்திய உப்பு மற்றும் கடல்வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனமும் பின்னர் மண்டபத்தில் ஒரு களநிலையத்தை அமைத்தது. பாசியியல் அறிஞர் ஃபிரான்சிஸ்கா திவி 1960களில் கடற்பாசி உரத்தின் பயனை எடுத்துரைத்தார். பாவ்நகரில் கம்பு முதலிய பயிர்களில் தொட்டிச் சோதனைகள் நடந்தன. ஆனால் 1966 முதல் இராமநாதபுரம் கரையில் பெருமளவில் அள்ளப்பட்ட பாசி, வயலுக்குப் போகவில்லை. அகர், அல்ஜினேட் ஆலைகளுக்கே போனது.

அந்தப் பாசியை அள்ளியவர்கள் பெரும்பாலும் பெண்கள். புடவைமேல் சட்டை அணிந்து, கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, தீவோரப் பாறைகளில் மூச்சடக்கி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப் பாசியையும் கட்டக்கோரையையும் அவர்கள் பறித்தார்கள். 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது, தலைமுறைகளாக அவர்கள் உழைத்த இடமே தடைசெய்யப்பட்ட பரப்பாயிற்று. பின்னர் அவர்களே கூடி, மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் பறிப்பது, பாசி பெருகும் சித்திரை மாதத்தை ஒட்டிய சில வாரங்கள் பறிப்பை நிறுத்துவது என்று விதி வகுத்துக்கொண்டார்கள். இந்த முயற்சிக்காகப் பாம்பனை அடுத்த சின்னப்பாலத்துப் பெண் ஒருவர் 2015இல் சீகாலஜி பரிசைப் பெற்றார். பயிரூக்கித் தொழிலைப் பற்றிய நூல்களில் வேதியியலாளரின் பெயர்கள் நிறைந்திருக்க, இவர்களுக்கு ஒரு பத்திகூட ஒதுக்கப்படாதது நியாயமன்று.

பிலிப்பைன்ஸைத் தாயகமாகக் கொண்ட கப்பாஃபைகஸ் என்ற செம்பாசி 1980களில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, முதலில் குஜராத்தின் ஓகாவிலும் 1990களின் நடுவில் மண்டபத்திலும் வளர்த்துப் பார்க்கப்பட்டது. 2000ஐ ஒட்டிப் பெப்சிகோ நிறுவனம் அதன் சாகுபடியைக் கையிலெடுத்து, மகளிர் சுயஉதவிக் குழுக்களை ஒப்பந்தச் சாகுபடிக்குக் கொண்டுவந்தது. மூன்று மீட்டர் சதுர மூங்கில் தெப்பத்தில் கயிறு கட்டி, கயிற்றில் பாசித் துண்டுகளை முடிந்து கடலில் மிதக்கவிட்டால், ஏறத்தாழ 45 நாளில் அறுவடை. உணவுத் தொழிலுக்கு வேண்டிய கராஜீனன் என்ற கூழ்ப்பொருளே அப்போதைய இலக்கு. அதற்காகப் பாசியை வெயிலில் காயவைத்து அனுப்பினார்கள். பாவ்நகர் நிறுவனத்து அறிவியலாளர்கள் இந்த வழியை மாற்றினார்கள். ஈரப்பாசியை அப்படியே அரைத்துப் பிழிந்தால், பிழிந்த சாறு பயிரூக்கியாகவும், எஞ்சிய சக்கை கராஜீனனுக்கு மூலப்பொருளாகவும் ஆகும் என்ற அவர்களுடைய கண்டுபிடிப்புக்கு 2005இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. மில்டனின் முறையில் வேண்டியிருந்த காரமும் கொதிநிலையும் இதில் வேண்டா என்பது குறிப்பிடத்தக்க முன்னேற்றம். 2008இல் பெப்சிகோவின் பாசித் தொழிலை ஏற்ற அக்வாக்ரி நிறுவனம் மானாமதுரையில் ஆலை நடத்தியது; இஃப்கோ என்ற உரக் கூட்டுறவு நிறுவனத்தின் கூட்டோடு ‘சாகரிகா’ என்ற பெயரில் சாறு நாடெங்கும் போனது. கொடுமுடி மருத்துவர் கே. நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யத்தை நூற்றுக்கு மூன்று பங்கு கலந்து இலைமேல் தெளித்துப் பழகியிருந்த தமிழக இயற்கை உழவர்களுக்கு, குறைந்த அளவில் தெளிக்கும் ஊக்கி என்பது புதிய செய்தியாக இருக்கவில்லை.

சாற்றின் பயனைப் பற்றிய சான்றுகளைக் கவனமாக வாசிக்க வேண்டும். 2009இல் வெளியான மானாவாரிச் சோயா ஆய்வு ஒன்றில் நூற்றுக்கு 15 பங்கு சாறு தெளித்தபோது விளைச்சல் 57 சதவீதம் கூடியது. இந்த எண் விற்பனைத்தாள்களில் விரும்பி எடுத்தாளத்தக்கது. ஆனால் அது மழையை மட்டும் நம்பிய ஒரு களத்தில், பரிந்துரைத்த உரத்தையும் இட்ட பிறகு கிடைத்த விளைவு. உயிரூக்கி உதவுவது பயிர் இடர்ப்படும் வேளையில்தான். நீரும் உரமும் குறைவின்றிக் கிடைக்கும் வயலில் அதன் விளைவு மெலிதாகவோ, இல்லாமலோ போகலாம். உரத்தை நிறுத்திவிட்டுச் சாற்றை மட்டும் தெளிப்பவர், செய்தியை அனுப்பிவிட்டு, அதைச் செயல்படுத்தத் தேவையான பொருளைச் செடிக்குத் தராமல் விடுகிறார்.

கடலுக்கு நேர்ந்த விலையையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். கப்பாஃபைகஸ் என்ற இந்த அயல்பாசி பவளப்பாறைகளில் பரவக்கூடும் என்ற அச்சத்தால், தமிழக அரசு 2005இல் அதன் சாகுபடியைப் பாக் நீரிணையின் வடபகுதிக்கும் தூத்துக்குடிக்குத் தெற்குக்கும் வரையறுத்தது. இருந்தும் 2008இல் குருசடைத் தீவில் அந்தப் பாசி உயிர்ப்பவளங்களை மூடிப் படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். 2013, 2014ஆம் ஆண்டுகளில் வெப்பம் தாங்காமல் தெப்பப் பாசியே பெருமளவில் அழிந்து, சாகுபடிக் குடும்பங்கள் பல தொழிலைக் கைவிட்டன. பயிரை வெப்பத்திலிருந்து காக்கும் சாற்றின் மூலப்பொருளே வெப்பத்தால் அழிந்தது. ஆகவே உள்நாட்டுப் பாசியினங்களைச் சாகுபடிக்குக் கொண்டுவரும் ஆராய்ச்சி உடனடித் தேவை. 2023இல் அடிக்கல் நாட்டப்பட்ட இராமநாதபுரம் மாவட்டக் கடற்பாசிப் பூங்கா இந்தத் தேவையையே முதலில் நிறைவேற்ற வேண்டும்.

‘உயிரூக்கி’ என்ற சொல்லின் மூலக்கருத்தை 1933இல் சோவியத் கண்மருத்துவர் ஃபிலாத்தவ் முன்வைத்ததிலிருந்து, சட்டம் அதை ஏற்க ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் விதி வகுத்தது. இந்தியா 2021 பிப்ரவரியில் உரக் கட்டுப்பாட்டு ஆணையைத் திருத்தி, கடற்பாசிச் சாறு உள்ளிட்ட எட்டு வகைகளை வரையறுத்து, களச்சோதனையும் நச்சுத்தன்மைச் சோதனையும் கட்டாயம் என்றது. அதற்கு முன் ஏறத்தாழ 30,000 பொருள்கள் கட்டுப்பாடின்றி விற்றன என்றும், கெடுபிடிக்குப் பின் அவை 650 அளவுக்குக் குறைந்தன என்றும் மத்திய வேளாண் அமைச்சர் 2025இல் தெரிவித்தார். இத்தகைய பொருள்களுக்கு இடைக்காலத்தில் தரப்பட்டிருந்த தற்காலிக அனுமதிகளும் அந்த ஆண்டே முடிவுக்கு வந்தன. டானிக் வாங்கும் உழவர், புட்டியில் பதிவு விவரமும், எந்தப் பயிருக்கு, எந்தப் பருவத்தில், எவ்வளவு என்ற குறிப்பும் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையெனில் வாங்க மறுக்க வேண்டும். பல்கலைக்கழகக் களச்சோதனைகளின் முடிவுகளை, பயன் தெரியாத வயல்களின் முடிவுகளையும் சேர்த்து, அரசு தமிழில் வெளியிட வேண்டும்.