சேர்வராயன் மலையில் விழுந்த விமானமும் இரண்டாவது பேட்டரியும்



ஏற்காடு சேர்வராயன் கோயிலுக்கு வந்தவர்களுக்கு அந்த இடம் நினைவிருக்கும். சுமார் 5,300 அடி உயரம், குனிந்து நுழையும் குகைக் கோயில், வெளியே பெரிய வெட்டவெளி. சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவன் ஒருவன் அங்கே ரேடியோவில் இயங்கும் மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டான். இரண்டு சுற்று முடிந்ததும், "போதும் சார், பனி இறங்குது" என்றான். "இன்னும் ஒரு சுற்று விடுப்பா" என்று கேட்டது நான்தான்.

மூன்றாவது சுற்றில் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. விமானம் மட்டும் அவன் பேச்சைக் கேட்கவில்லை. சரிவில் விறகு பொறுக்கிய ஒரு அம்மாவுக்குப் பத்தடி தள்ளி விழுந்தது.

பிரித்துப் பார்த்தோம். பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. ஸ்விட்சுக்குள் ஈரத்தில் களிம்பு ஏறியிருந்தது. எண்ணெயில் ஓடும் அந்தச் சின்ன இன்ஜினுக்குப் பற்றிக்கொண்ட பிறகு பேட்டரி தேவையில்லை. சிக்னலை வாங்கும் ரிசீவருக்கும், இறக்கையை அசைக்கும் சர்வோவுக்கும் தேவை. அவை நின்றால் விமானம் காது கேளாமல் பறக்கும்.

அன்றிலிருந்து இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1898இல் நியூயார்க்கில் நிக்கோலா டெஸ்லா கம்பியில்லாமல் ஒரு சிறு படகை ஓட்டிக் காட்டினார். 1937இல் அமெரிக்காவின் குட் சகோதரர்கள் ரேடியோவில் இயங்கும் மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டார்கள். அந்தக் கால வால்வு ரிசீவர்களுக்கு இரண்டு விதப் பேட்டரி வேண்டும், கனமும் அதிகம். அதனால் பல விமானங்களில் சுக்கானைத் திருப்பியது முறுக்கிய ரப்பர்தான். மின்சாரம் கொக்கியை மட்டும் விடுவிக்கும். ரேடியோ நின்றாலும் தானே வட்டமிட்டு இறங்கும்படி விமானத்தைச் செய்தார்கள்.

1960களில் டிரான்சிஸ்டரும் சர்வோவும் வந்தன. விரலசைவுக்கு ஏற்ப விமானம் திரும்பியது. ஆனால் அத்தனையும் 4.8 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி ஒன்றை நம்பியிருந்தது. பிறகு லித்தியம் பேட்டரியில் மோட்டாரும் ரிசீவரும் சேர்ந்தே ஓடத் தொடங்கின. அதில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு: சார்ஜ் குறைந்தால் முதலில் மோட்டாரை நிறுத்தி, மிச்சத்தை இறங்குவதற்கு வைத்துக்கொள்ளும்.

பெரிய மாடல்களில் இரண்டு பேட்டரி வைக்கிறார்கள். நடுவில் டயோடு, அதாவது ஒருவழிக் கதவு. கெட்ட பேட்டரி நல்லதை உறிஞ்சாது. ஆனால் இரண்டு பேட்டரிக்கும் ஒரே ஸ்விட்ச் என்றால், அந்த ஸ்விட்ச் போனால் எல்லாம் போயிற்று.

பெரிய விமானங்களிலும் இதே கதைதான். 1983 ஜூலை 23 அன்று கனடாவில் ஒரு போயிங் 767 நடுவானில் எரிபொருள் தீர்ந்து, இரண்டு இன்ஜினும் நின்றன. காற்றில் சுழலும் ஒரு சிறு விசிறி வெளியே இறங்கி, விமானத்தைத் திருப்பும் சக்தியைத் தந்தது. கிம்லியில் இறங்கி 69 பேரும் பிழைத்தார்கள்.

நம் ஊருக்கும் இது தூரத்து விஷயமில்லை. 2020 கொரோனா காலத்தில் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்ஷா குழுவின் ட்ரோன்கள் கிருமிநாசினி தெளித்தன. விமானமாவது மிதந்து இறங்கும். இறக்கையில்லாத ட்ரோன் மின்சாரம் நின்றால் கல்லாக விழும். கீழே நிற்பது நாம்தான்.

என் மாணவன் இப்போது இரண்டு பேட்டரி, இரண்டு ஸ்விட்ச் வைத்திருக்கிறான். பறக்கும் முன் சர்வோக்களை அசைத்தபடியே வோல்ட் அளக்கிறான். சும்மா இருக்கும்போது எந்தப் பேட்டரியும் நல்லபிள்ளைதான். "போதும்" என்று அவன் சொன்னால் நான் மறுபேச்சு பேசுவதில்லை.

நீங்களும் வீட்டு இன்வெர்ட்டரை, கரண்ட் இருக்கும்போதே ஒருமுறை மெயினை அணைத்துச் சோதித்துப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்