பதினொரு திங்கள் ஆட்சி

தங்கவயலுக்கு அண்மையிலுள்ள நம் பூதிகோட்டையில் பிறந்த ஐதரலியின் அரசு, அவர் மகன் திப்புவோடு 1799இல் மறைந்தது. ஆட்சிகள் நிலையாதவை, அவற்றின் ஆணைகளோ நிலைத்தல் உண்டு. தேசிய முன்னணி இதற்குச் சான்று.

1988இல் தோன்றிய அக்கூட்டணியில் சனதா தளம், தி.மு.க., தெலுங்கு தேசம் முதலியன இடம்பெற்றன. 1989 டிசம்பரில் வி.பி. சிங் தலைமை அமைச்சரானார். வெளியிலிருந்து தந்த ஆதரவைப் பாரதிய சனதா விலக்கிக்கொள்ளவே, 1990 நவம்பரில் ஆட்சி வீழ்ந்தது.

அதற்குள் அது செய்தவை இரண்டு: காவிரி நடுவர் மன்றம் அமைத்தது, மைய அரசுப் பணிகளில் பிற்படுத்தப்பட்டோர்க்கு 27 விழுக்காடு ஒதுக்கியது. மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி 1991இல் எழுந்த கலவரத்தில் கருநாடகத் தமிழர் பலர் வீடிழந்தனர். ஒதுக்கீட்டால் வேலை பெற்ற இளைஞரையோ, மைய அரசு எழுத்தனாகிய யான் என் அலுவலகத்திலேயே காண்கிறேன். ஆயுளைக் கொண்டு ஓர் ஆட்சியை அளத்தல் தகாது.