ரங்கூன் ஐந்தொகையும் பழைய ஏசி கடையின் மாதக் கணக்கும்

விஜயபுரம், நகரி வட்டாரத்தில் பழைய ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி வாங்கிப் பழுதுபார்த்து விற்கும் கடை தொடங்குகிற ஒருவரை எண்ணிக்கொள்வோம். கைமுதல் போதாமல் உறவினர் இருவரிடமும் விசைத்தறி வைத்திருக்கும் நண்பரிடமும் பணம் வாங்கியிருக்கிறார். மூன்று மாதம் கழிந்தது. பணம் போட்டவர்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கின் பக்கத்தில், நூறாண்டுக்கு முன் ரங்கூனிலிருந்து செட்டிநாட்டு முதலாளிகளுக்கு வந்து சேர்ந்த நகரத்தார் கடைகளின் ஐந்தொகையை, அதாவது சொத்தும் பொறுப்பும் காட்டும் இருப்புநிலைக் கணக்கை, வைத்துப் பார்க்கலாம். அங்கே லேவாதேவி, இங்கே குளிர்பதனப் பெட்டி. ஒட்டாத ஜோடியாகத்தான் தோன்றும். பேரேட்டைத் திறக்கும் வரை அப்படித்தான்.

லேவாதேவிப் பேரேட்டில் கடன் வாங்கிய ஒவ்வொருவருக்கும் தனிப் பற்றுவரவு உண்டு. ஒருவருடைய கடன் இன்னொருவருடையதைப் போல இருப்பதில்லை. ஈடு வேறு, தவணை வேறு, ஆளின் குணம் வேறு. பழைய சாதனக் கடையிலும் அதே நிலைதான். ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றாலும் ஒன்றில் கம்ப்ரசர் புதிது, மற்றொன்றில் கேஸ் கசிவு. புதிய பொருள் விற்பவர் நூறு பெட்டிக்குச் சராசரி அடக்கவிலை போட்டுவிடலாம். இவரோ கதவில் சாக்பீஸால் எண் எழுதி, அந்த எண்ணுக்கு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கியாக வேண்டும். ஒன்றுக்கு ஒன்று மாற்றாக நிற்காத சரக்குக்குத் தனித்தனியே அடக்கம் காண வேண்டும் என்றுதான் இன்றைய கணக்கியல் தரநிலை 2-உம் சொல்கிறது. கடன்காரருக்கு ஒரு பக்கம், ஃபிரிட்ஜுக்கு ஒரு பக்கம். இந்த உறவை நான் எதிர்பார்க்கவில்லை.

வேறுபாடு, லாபம் வரும் நடையில் இருக்கிறது. கடனில் லாபம் வட்டியாக மெல்ல வரும்; நஷ்டமோ ஆள் கைவிரிக்கும் நாளில் ஒரேயடியாக வரும். பழைய பொருளில் லாபம் விற்ற அன்றே கைக்கு வந்துவிடும். நஷ்டம்தான் பின்னால் மெல்ல வரும். ஆறு மாத உத்தரவாதம் கொடுத்து விற்ற வாஷிங் மெஷின் நான்காம் மாதம் மோட்டார் கருகித் திரும்பி வரும். ஆகவே முதல் மூன்று மாதக் கணக்கு எப்போதும் உண்மையைவிட அழகாகவே இருக்கும். திரும்பி வரக்கூடியவற்றுக்கென ஒரு தொகையை ஒதுக்கிக் காட்டாத அறிக்கையை நான் பாதிக் கணக்கு என்றே சொல்வேன்.

இன்னொரு பொறியும் உண்டு. ஒரு ஃபிரிட்ஜை வீட்டுக்காரரிடம் 4,000 ரூபாய்க்கு வாங்கி, பழுதுக்கு 1,500, வண்டிக்கூலி 600 செலவிட்டு, 8,000 ரூபாய்க்கு விற்கிறார். மத்திய ஜிஎஸ்டி விதி 32(5)-இன்படி, உள்ளீட்டு வரி எடுக்காத பழைய பொருள் வியாபாரி விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டினால் போதும். வரிக்கணக்கில் அந்த வித்தியாசம் 4,000. கையில் நிற்பதோ 1,900. வரியும் போனால் அதற்கும் கீழே. வரிக்கணக்கின் 4,000 அப்படியே முதலீட்டாளர் அறிக்கைக்குள் லாபமாக நுழைந்துவிட்டால், ஏமாற்றும் எண்ணம் இல்லாமலே ஏமாற்று நடந்துவிடும். இதே விதியில், கடன் கட்டாதவரிடமிருந்து எடுத்த பொருளை விற்பதற்கும் தனி ஏற்பாடு உண்டு: அவர் வாங்கிய விலையில் காலாண்டுக்கு 5 விழுக்காடு கழித்து வருவதே கொள்முதல் விலையாகக் கொள்ளப்படும். லேவாதேவியும் பழைய சாமானும் ஒரே விதிக்குள் குடியிருக்கின்றன.

நம்பிக்கையின் அமைப்பில் இரண்டும் விலகுகின்றன. முதலாளிக்காக ரங்கூன் கடையை நடத்திய ஏஜெண்டு சம்பளச் சீட்டு எழுதிக்கொடுத்து, பொதுவாக மூன்றாண்டுக் கணக்குக்குப் போனவர். சொந்த ஊர், சொந்த இனம், தெரிந்த குடும்பம். பொய்க்கணக்கு எழுதினால் திரும்பி வர ஊர் இருக்காது. முதலாளியின் முதற்பணம் எவ்வளவு, வெளியார் வைப்பு எவ்வளவு என்பது ஏட்டில் தனித்தனியே நிற்கும். விஜயபுரத்துக் கடையில் பணம் போட்டவருக்கு ஓர் ஒப்பந்தத் தாளும் மாதம் ஒரு வாட்ஸ்அப் பக்கமும்தான். வட்டிக்கும் அங்கே பொது அளவு இருந்தது: நகரத்தார் மாதந்தோறும் ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். பழைய ஃபிரிட்ஜுக்கு அப்படி ஊரறிந்த விலை கிடையாது. புதிய பொருளின் விலைதான் அதற்கு நிழல் கொடுக்கும் மரம்.

மரம் சாய்ந்தால் நிழலும் சாயும். 1930-இல் நெல் விலை விழுந்தபோது பர்மாவில் நடந்தது அதுதான். கடன் திரும்பவில்லை, ஈடாக வந்தது நிலம். 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 விழுக்காடு நிலம் நகரத்தார் கையில் இருந்தது; அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது கால் பங்காயிற்று. ஏட்டில் பார்த்தால் சொத்து பெருகியிருக்கிறது. உண்மையில் விலைபோகாத சரக்கு குவிந்திருக்கிறது. இங்கே 2025 செப்டம்பர் 22 அன்று ஏசிக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 விழுக்காடாக இறங்கியது. திருப்பதி மாவட்டத்து ஸ்ரீசிட்டியில் டைக்கின், புளூ ஸ்டார் ஆலைகளிலிருந்து வெளிவரும் புதிய ஏசி மலிந்தால், கடையில் அடுக்கியிருக்கும் பழைய ஏசியும் அதே நாளில் இறங்கும். வாங்கிய விலையில் அதை இருப்பாகக் காட்டும் கணக்கு, விலை வீழ்ந்த நிலத்தைக் கடன்தொகைக்கே எழுதிவைத்த கணக்குக்கு உடன்பிறப்பு.

இத்தகைய கடைகளில் பணம் போட்டிருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். அடுத்த மாத அறிக்கை வரும்போது, விற்ற தொகையோடு, தொண்ணூறு நாளுக்கு மேல் விற்காமல் நிற்கும் சாதனங்களின் பட்டியலையும் கொள்முதல் தேதியோடு, இன்றைய விலையோடு கேட்டு வாங்குங்கள்.