வாக்குப்பெட்டி வகுத்த எல்லை: தென் திருவிதாங்கூர், 1945–1956

திருவனந்தபுரம் சாலையில் களியக்காவிளையைக் கடந்தால் கேரளம். விளவங்கோடு, நெய்யாற்றின்கரை என்ற இரு திருவிதாங்கூர்த் தாலுகாக்களின் பழைய வரம்புதான் 1956 நவம்பர் 1 அன்று இங்கே மாநில எல்லையாயிற்று. திருவிதாங்கூரின் தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு இணைக்கக் கோரிய தெற்கெல்லைப் போராட்டத்தைத் துப்பாக்கிச் சூட்டின் வரலாறாகவே பெரும்பாலும் சொல்லி வந்திருக்கிறோம். உயிர் கொடுத்தவர்களின் இடம் பெரிது; அதில் ஐயமில்லை. ஆயினும் அக்கோரிக்கையை எந்த அமைச்சரவையும் தள்ளிவிட முடியாதபடி செய்தவை தேர்தல்களே என்பது என் கருத்து.

1945 டிசம்பரில் நாகர்கோவிலில் சாம் நத்தானியலைத் தலைவராகக் கொண்டு தொடங்கிய அமைப்பு, அடுத்த ஆண்டில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் ஆனது. 1947இல் வழக்கறிஞர் ஏ. நேசமணி வந்து சேர்ந்த பிறகே அது மக்கள் கட்சியாக வளர்ந்தது. 1948இல் வயதுவந்தோர் அனைவரும் வாக்களித்த தேர்தலில் 14 இடங்களை வென்றது. அந்தத் தேர்தல் காலத்திலேயே மங்காடு தேவசகாயமும் கீழ்க்குளம் செல்லையாவும் உயிரிழந்தனர். கட்சியின் பலம் மொழியுணர்வில் மட்டும் பிறந்ததன்று. கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் நிலமும் அதிகாரமும் வைத்திருந்த சாதிகளிடம் நாடார்கள் தலைமுறைகளாகப் பட்ட அவமதிப்பும் அந்த வாக்குகளில் இருந்தது. இதைச் சொல்லக் கூசினால் வரலாறு பாதிதான் எழுதப்படும்.

1952இல் திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத்தின் 108 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 44. தமிழ்நாடு காங்கிரசின் 8 உறுப்பினர்கள் இன்றி ஏ. ஜே. ஜான் அமைச்சரவை நிற்க முடியாத நிலை. அந்த ஆதரவு விலகியதும் 1953 செப்டம்பரில் அமைச்சரவை கவிழ்ந்தது. 1954 தேர்தலில் கட்சி 12 இடங்களுக்கு உயர்ந்தது. ஆனால் 19 இடங்களே பெற்ற பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுப்பிள்ளை, 45 இடங்கள் வைத்திருந்த காங்கிரசின் ஆதரவோடு முதலமைச்சரானார். கணக்கில் தமிழர் வாக்கு தேவைப்படாமல் போனது. கவனிக்க வேண்டிய இடம் இதுதான். சட்டமன்றத்தில் பேரம் பேச வழியில்லாத அந்த மாதங்களில்தான் போராட்டம் தெருவுக்கு வந்தது. ஜூலையில் தேவிகுளம், பீர்மேடு தமிழர்களுக்காக நேசமணி மலைக்குப் போய்க் கைதானார். ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது.

அந்தக் குண்டுகளின் ஓசை தில்லி வரை கேட்டது. தம் சொந்தக் கட்சி ஆட்சியே பதவி விலக வேண்டும் என்றார் பிரஜா சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா. பின்னர் அக்கட்சி பிளந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1955 பிப்ரவரியில் காங்கிரஸ் கைவிட, பட்டம் அமைச்சரவை வீழ்ந்தது. அடுத்து வந்த பனம்பிள்ளி கோவிந்த மேனன் அமைச்சரவைக்கு மறுபடியும் தமிழ்நாடு காங்கிரசின் தோள் வேண்டியிருந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று ஃபசல் அலி தலைமையிலான மாநில மறுசீரமைப்பு ஆணையம் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றைச் சென்னை மாநிலத்துக்குப் பரிந்துரைத்தது.

இங்கே எல்லை மாறிய அதே 1956இல் மேற்கு ஆப்பிரிக்காவிலும் ஓர் எல்லை வாக்கால் முடிவானது. மே 9 அன்று பிரிட்டிஷ் டோகோலாந்தில் நடந்த பொதுவாக்கெடுப்பில் ஏறத்தாழ 58 சதவீதம் பேர் கோல்டு கோஸ்ட்டுடன் இணைய விரும்பினர். ஈவே மொழியினர் மிகுந்த தெற்கு மாவட்டங்களான ஹோவும் பாண்டுவும் எதிராக வாக்களித்தும், மொத்தக் கணக்கே செல்லுபடியானது. அப்பகுதி 1957இல் சுதந்திர கானாவுக்குள் போயிற்று. 2020 டிசம்பர் பொதுத்தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்புகூட மேற்கு டோகோலாந்து பிரிவினையாளர்கள் அங்கே சாலைகளை மறித்தனர். விளவங்கோட்டுக்காரர் கேட்டது நாட்டைவிட்டுப் போவதன்று, ஒரே நாட்டுக்குள் பக்கத்து மாநிலத்தோடு சேர்வது. மாநில எல்லைகளை மாற்றும் அதிகாரத்தை அரசமைப்பின் 3ஆம் பிரிவு நாடாளுமன்றத்துக்கு முன்பே தந்திருந்தது. டோகோலாந்தினருக்கு அப்படியொரு வாசல் இல்லை.

இணைப்புக்குப் பின் தமிழ்நாடு காங்கிரஸ் கலைந்து இந்திய தேசிய காங்கிரசில் கரைந்தது. 1962இல் நேசமணி நாகர்கோவிலில் வென்றது அந்தக் கட்சியின் வேட்பாளராகத்தான். கட்சி கேட்ட 9 தாலுகாக்களில் நெய்யாற்றின்கரை, சித்தூர், தேவிகுளம், பீர்மேடு ஆகியவை கேரளத்திலேயே தங்கின. தேவிகுளத்துத் தேயிலைத் தொழிலாளர்களின் வாக்குகளும் இந்தப் பேரத்துக்கு வலு சேர்த்தவை. அவர்கள் கோரிக்கையை எடுத்துப் பேச, கலைந்த கட்சியின் இடத்தில் வேறொன்று எழவில்லை.