தி ஸ்வோர்டு ஆஃப் திப்பு சுல்தான்

தூர்தர்ஷன் தேசிய அலைவரிசையில் 1990-இல் தொடங்கிய இந்தி வரலாற்றுச் சாகசத் தொடர். பகவான் எஸ். கித்வானியின் நாவலைத் தழுவியது. இயக்கியவர்களில் ஒருவரான சஞ்சய் கானே மைசூர் ஆட்சியாளர் திப்பு சுல்தானாகவும் நடித்தார்.

குஜிலியம்பாறை உள்ளிட்ட திண்டுக்கல் வட்டாரத்துக்கு இந்தக் கதை அந்நியமானதல்ல. திப்புவின் தந்தை ஹைதர் அலி 1755-இல் மைசூர் அரசின் பௌஜ்தாராக, அதாவது படை அதிகாரியாக, திண்டுக்கல்லுக்கு வந்தவர். அவர் படை திரட்டிய மலைக்கோட்டை இன்றும் நகரின் தலைக்கு மேல் நிற்கிறது. 1790-இல் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றினர்.

கொடைக்கானல் தொலைக்காட்சிக் கோபுரத்தை நோக்கி ஆன்டெனாவைத் திருப்பி, புள்ளி புள்ளியாகத் தெரியும் படத்தைச் சரிசெய்து, தொலைக்காட்சி இருந்த வீட்டில் தெருவே கூடிப் பார்த்த காலம் அது. இந்தி புரியாதவர்களையும் வாள்வீச்சும் குதிரைப் பாய்ச்சலும் கட்டிப்போட்டன. எம்.ஜி.ஆர். படங்களின் கத்திச்சண்டையில் ஊறிய கண்களுக்கு வசனம் ஒரு தடையே அல்ல.

தொடருக்குக் கொடுத்த விலை கொடியது. 1989 பிப்ரவரி 8 அன்று மைசூர் பிரீமியர் ஸ்டுடியோ படப்பிடிப்பில் மூண்ட தீயில் 62 பேர் மாண்டனர். கடுமையான தீக்காயங்களிலிருந்து மீண்ட சஞ்சய் கான், பல அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின் தொடரை முடித்தார். ரசிகர்களின் மதிப்பில் அந்த உறுதிக்கும் பங்குண்டு.

திப்புவின் சித்தரிப்பு குறித்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. தொடர் புனைவு என்ற அறிவிப்புடன் ஒளிபரப்பானது.