பெட்டகத்தின் அடித்தட்டில் கிடந்த துவக்கு

பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் நான். துவக்குகளைப் பற்றிய செய்திகளை எழுதியும் திருத்தியும் தலைப்பிட்டும் வந்த காலமே அதில் பெரும்பகுதி. ஆனால், நான் பிறந்து வளர்ந்த வீட்டிலேயே ஒரு துவக்கு இருந்தது என்பதை அறிவதற்கு எனக்கு எழுபது வயது கடக்கவேண்டியிருந்தது.

வடமராட்சியில் உள்ள எமது தாய்வழிப் பாட்டனாரின் வீட்டில் ஒரு பெட்டகம் உண்டு. யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளை அறிந்தவர்களுக்கு அதை விளக்கவேண்டியதில்லை. நான்குபேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத பாரமான மரப்பெட்டி அது. அதன் அடிப்பலகையைக் கறையான் அரித்துவிட்டதால் திருத்துவதற்குத் தச்சுத் தொழிலாளி ஒருவரை அழைத்திருந்தோம். பலகையைக் கழற்றியவர், “ஐயா, இதுக்குக் கீழை இன்னொரு தட்டு இருக்குது” என்றார். அந்தத் தட்டில், பனையோலைப் பாயிலும் அதற்குள் பழைய பத்திரிகைத் தாள்களிலும் சுற்றப்பட்டு, அது கிடந்தது. கூடவே ஒரு தகரக் குழலுக்குள் மடித்து வைக்கப்பட்ட சில கடதாசிகளும் இருந்தன.

எமது மக்கள் ‘இடியன்’ என்று அழைக்கும் வகையைச் சேர்ந்தது அது. குழலின் வாய் வழியாக வெடிமருந்தையும் சன்னத்தையும் இட்டு, நீண்ட கோலினால் இடித்து இறுக்குவதனால் ஏற்பட்ட பெயர். பூட்டுத்தகட்டில் ஒரு முடியும், ‘டவர்’ என்ற ஆங்கில எழுத்துக்களும், 1857 என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டிருந்தன. 1853 ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்ட் துவக்கின் அடையாளங்கள் இவை. ‘டவர்’ என்று இருப்பதால் இலண்டன் கோபுரத்தில் செய்யப்பட்டது என்று கொள்ளலாகாது. பேர்மிங்ஹாம் நகரத்து ஒப்பந்தத் தொழிலாளர் செய்த துவக்குகளும் அதே முத்திரையுடன் வெளிவந்தன.

வரலாறு படித்தோருக்கு இந்தத் துவக்கு புதியதன்று. இதன் தோட்டாக்களில் பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் பூசப்பட்டிருப்பதாகப் பரவிய பேச்சே 1857 இல் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுவதற்கு உடனடிக் காரணங்களுள் ஒன்றாயிற்று. அந்த ஆண்டின் இலக்கத்தைத் தாங்கிய துவக்கு எமது வீட்டுப் பெட்டகத்துக்கு எவ்வாறு வந்தது? பின்புறமாகத் தோட்டா இடும் துவக்குகள் 1860 களின் பிற்பகுதியில் படையினருக்குக் கிடைத்ததும், முன்னையவை பழையனவாய்க் கழிக்கப்பட்டன. அவற்றிற் பல பின்னர் குடிமக்கள் கைக்கும் வந்தன. பயிரை அழிக்கும் பன்றிக்கும் யானைக்கும் அஞ்சிய கமக்காரனுக்கு அது போதுமானதாயிருந்தது. எமது பாட்டனாருக்கு வன்னியில் வயற்காணி இருந்தது.

எமது தீவில் துவக்கின் கதை போர்த்துக்கேயர் வந்த பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு வேர்விடுகிறது. துவக்கு, துப்பாக்கி ஆகிய இரண்டு சொற்களும் துருக்கி, பாரசீக மொழிகளின் வழியாக வந்தவையே. ஈழத்தமிழரும் சிங்களவரும் ஏறக்குறைய ஒரே சொல்லை வழங்குவது கவனிக்கத்தக்கது. வந்தவரிடம் துவக்கைக் கண்டு அஞ்சியதோடு உள்ளூரார் நின்றுவிடவில்லை. கண்டி இராச்சியத்துக் கொல்லர்கள் தந்தமும் வெள்ளியும் பதித்துத் தாமே துவக்குகளைச் செய்தனர். 1765 இல் ஒல்லாந்த ஆளுநர் வான் எக் கண்டியைக் கைப்பற்றியபோது, நாயக்க வமிசத்து மன்னன் கீர்த்தி சிறீ இராசசிங்கனின் அரண்மனைப் பொருட்கள் கொள்ளையிடப்பட்டன. அவற்றுட் சில அம்ஸ்ரடாமின் றைக்ஸ் நூதனசாலையை அடைந்தன. பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த பீரங்கி ஒன்றும், பெருந்துவக்குகள் இரண்டும், வாள்கள் இரண்டும், கத்தி ஒன்றுமாக ஆறு பொருட்களை நெதர்லாந்து 2023 இல் இலங்கையிடம் மீளக் கையளித்தது. 258 ஆண்டுகளின் பின்னர் அவை கொழும்பு நூதனசாலைக்கு வந்து சேர்ந்தன.

மன்னனின் துவக்குக்கு நூதனசாலை உண்டு. கமக்காரனின் இடியனுக்கு எங்கே இடம்? இந்தக் கேள்விதான் எமது குடும்பத்தில் எழுந்தது.

ரொறன்ரோவில் வாழும் தம்பி தொலைபேசியில், “அண்ணை, அதை எனக்கு அனுப்பிவிடுங்கோ. இஞ்சை 1898 க்கு முந்தின இப்பிடித் துவக்குகளுக்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை” என்றான். அவன் சொன்னது கனடாவுக்குச் சரி. இந்தியாவின் 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், பிரித்தானியாவின் 1968 ஆம் ஆண்டுச் சட்டமும் பழம்பொருளாக மட்டும் பேணப்படும் துவக்குகளுக்கு வெவ்வேறு அளவில் விலக்களிக்கின்றன. ஆனால் துவக்கு கிடப்பது வடமராட்சியில். இங்கே 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் ஆள்கிறது. பழையது என்ற துணிவில் அனுமதிப்பத்திரமின்றி வைத்திருப்பது சிறைக்கு வழிகாட்டும். நாட்டை விட்டு அனுப்புவதாயின் 1988 ஆம் ஆண்டின் கலாசாரச் சொத்துச் சட்டம் குறுக்கே நிற்கும். தொல்பொருள் என்று கூறித் தப்பவும் இயலாது. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 ஆம் திகதியை, அதாவது கண்டி உடன்படிக்கை நாளை, எல்லையாக வைத்திருக்கிறது. எமது துவக்கு அதற்கு 42 ஆண்டுகள் பிந்தியது.

தங்கையோ வேறு கருத்துடையவள். “இரவோடு இரவாகக் கிணற்றுக்குள்ளை போட்டுவிடுங்கோ. ஆருக்கும் சொல்லவேண்டாம்” என்றாள். அவளுடைய குரலில் இருந்த நடுக்கத்தை நான் நகைக்கவில்லை. அந்த நடுக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு.

துவக்கைச் சுற்றியிருந்த பத்திரிகைத் தாளை நான் தொழில்முறைப் பழக்கத்தால் முதலில் திகதி பார்த்தேன். 1971 ஏப்ரல். தென்னிலங்கையில் ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்து, பொலிஸ் நிலையங்கள் தாக்கப்பட்டு, நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டிருந்த மாதம். வீடுகளில் இருந்த வேட்டைத் துவக்குகளைக் கிளர்ச்சிக்காரர் சேகரித்தனர் என்பது அந்நாட்களின் பெருஞ்செய்தி. தகரக் குழலுக்குள் இருந்த கடதாசிகள் பாட்டனார் ஆண்டுதோறும் யாழ்ப்பாணக் கச்சேரியில் பெற்ற அனுமதிப்பத்திரங்கள். கடைசிப் பத்திரம் 1957 க்குரியது. அடுத்த ஆண்டு அவர் காலமானார். அனுமதி மனிதருக்கு உரியது. அது முதுசமாகப் பிள்ளைகளுக்கு இறங்குவதில்லை. எனவே 1971 இல் அச்சமடைந்து அதை ஒளித்தவர் பாட்டனார் அல்லர். அப்போது வீட்டில் இருந்த பெரியவர்கள் இருவரே: மாமாவும் அம்மாவும். மாமா 1979 இல் மறைந்தார்.

1987 மே மாதம் வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை நடைபெற்ற நாட்களிலும், அதே ஆண்டு ஒக்டோபரின் பின்னர் இந்தியப் படையினர் காலத்திலும் வீடுவீடாகச் சோதனை நடந்தது. நான் கொழும்பில் பணியிலிருந்தேன். சோதனைக்கு வந்தவர்கள் பெட்டகத்தைத் திறந்து உள்ளே பார்த்து மூடிச் சென்ற பின்னர், அம்மா அதன்மேல் ஏறி அமர்ந்து, மாலைவரை இறங்க மறுத்தார் என்று தங்கை பலமுறை கூறியிருக்கிறாள். கிழவியின் பிடிவாதம் என்றே நாங்கள் சிரித்தோம். 1995 இறுதியில் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த உறவினரின் குழந்தைகள் மாதக்கணக்கில் அந்தப் பெட்டகத்தின்மேல் பாய் விரித்து உறங்கினர். 2004 இல் கண்மூடும்வரை அம்மா என்னிடம் சொல்லிவந்தது ஒன்றுதான்: “எதை வித்தாலும் பெட்டகத்தை வித்துப்போடாதை.” சீதனப் பெட்டகத்தின்மீதுள்ள பற்று என்று நினைத்தேன். ஒரு வார்த்தை வாய்தவறினால் பிள்ளைகளின் உயிருக்கே ஆபத்து என்று முப்பத்து மூன்று ஆண்டுகள் தனியாகச் சுமந்த இரகசியம் அதுவாக இருக்கக்கூடும் என்பதை இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன்.

கிணற்றில் போட்டால் அந்த அச்சத்தை அடுத்த தலைமுறைக்கும் கையளித்தவனாவேன் என்று தோன்றிற்று. பழைய நண்பரான சட்டத்தரணி ஒருவரை அழைத்தேன். அவர் கூறிய முதல் வார்த்தை, “தொடாதையுங்கோ” என்பதே. கண்ட இடத்திலேயே படமெடுத்தோம். துடைக்கவுமில்லை, எண்ணெய் பூசவுமில்லை. கிராம அலுவலருக்கும் பொலிஸாருக்கும் அன்றே எழுத்தில் அறிவித்தோம். அனுமதிப்பத்திரங்களின் பிரதிகளையும், பத்திரிகைத் தாளின் படத்தையும் வாக்குமூலத்துடன் இணைத்தோம். நீதவானின் கட்டளையைப் பெற்று நூதனசாலை ஒன்றுக்கு ஒப்படைக்குமாறு விண்ணப்பமும் செய்தோம்.

பரிசோதித்த நிபுணர் ஒரு மெல்லிய கோலைக் குழலுக்குள் விட்டு, அதை வெளியே வைத்து அளந்து பார்த்தார். கோல் அடிவரை செல்லவில்லை. குழலுக்குள் மருந்தும் சன்னமும் இடித்தபடியே இருந்தன! கரிமருந்து ஈரம் படாதிருந்தால் நூறாண்டு கடந்தும் வலுவிழக்காது என்றும், ஒரு தீப்பொறியே போதும் என்றும் அவர் விளக்கினார். குழந்தைகள் உறங்கிய பெட்டகம் என் நினைவில் வந்தது. எனக்குக் கால்கள் தளர்ந்தன.

வாசகர்களில் பலர் புலம்பெயர் நாடுகளிலிருந்து ஊருக்கு வந்து பழைய வீடுகளைத் திருத்துகின்றனர். இப்படியொன்று கண்ணிற்பட்டால் கையிலெடுத்துப் படம் பிடிக்கவேண்டாம். விசையை இழுத்துப் பார்க்கவேண்டாம். துருவைத் தேய்க்கவும் வேண்டாம். அதில் உயிராபத்தும் உண்டு, வரலாற்றுச் சான்று அழிவதும் உண்டு. ஒரு சட்டத்தரணியை முதலில் நாடுங்கள். உடன் கிடைக்கும் ஒரு துண்டுக் கடதாசியையேனும் எறியாதீர்கள். துவக்கு என்ன வகை என்பதை அதன் தகடு சொல்லும். அது யாருடைய அச்சம் என்பதைக் கடதாசிதான் சொல்லும்.

எமது விண்ணப்பத்தின் முடிவு இன்னும் வரவில்லை. பெட்டகம் புதிய அடிப்பலகையுடன் பழைய இடத்திலேயே நிற்கிறது. பொலிஸார் தந்த பற்றுச்சீட்டை அந்த இரண்டாவது தட்டில் வைத்திருக்கிறேன். தங்கை அதைப் பார்த்துவிட்டுப் பெட்டகத்தின்மேல் சிறிதுநேரம் அமர்ந்திருந்தாள், பின்னர் எழுந்து தேநீர் போடச் சென்றாள்.