ஜப்பானியச் சமூகமும் அமெரிக்கச் சமூகமும்: மூன்று சிறுமியர் வழியே ஓர் ஒப்பீடு

ஜப்பானிய வாழ்வு சிறந்ததா, அமெரிக்க வாழ்வு சிறந்ததா என்னும் வினா நம் இளையோரிடையே அடிக்கடி எழுகிறது. ஒன்று ஒழுங்கின் நாடு, மற்றொன்று உரிமையின் நாடு என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அது வெளியிலிருந்து பார்ப்பவர் கூறும் விடை. இரு சமூகங்களிலும் வாழ்ந்தவர் கண்டது யாது என்று கேட்ட பின்னரே எடைபோடுதல் முறையாகும். அத்தகைய மூவரின் வரலாற்றை இந்த அவையில் எடுத்துரைக்க விழைகிறேன்.

1871ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் யோகோகாமாவிலிருந்து இவாகுரா தூதுக்குழு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அக்குழுவுடன் ஐந்து சிறுமியரும் சென்றனர். பத்தாண்டுகள் அரசுச் செலவில் அங்கு வளர்ந்து பயின்று, திரும்பி வந்து ஜப்பானியப் பெண்களுக்கு வழிகாட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. மூத்தோர் இருவர் விரைவில் நாடு திரும்பினர். எஞ்சியவர் யமகவா சுதெமாத்சு, நகாய் ஷிகெகோ, சுடா உமேகோ ஆகிய மூவர். உமேகோவுக்கு அப்போது ஆறு வயது.

சுதெமாத்சு என்பது பிறந்தபோது இட்ட பெயரன்று. மகளைப் பிரியும் வேளையில் தாய் சூட்டிய பெயர். 'சுதெ' என்பது துறத்தலைக் குறிக்கும். 'மாத்சு' என்பது பைன் மரத்துக்குப் பெயர்; அதே ஒலியுடைய வினைச்சொல் காத்திருத்தலைக் குறிக்கும். துறந்தேன், ஆயினும் காத்திருப்பேன் என்னும் பொருளைத் தாய் அப்பெயருக்குள் வைத்தனுப்பினார்.

அமெரிக்கா அவர்களை அன்போடு ஏற்றது. உமேகோ வாஷிங்டனை அடுத்த ஜார்ஜ்டவுனில் லான்மன் இணையரின் வீட்டில் மகள்போல் வளர்ந்தார். சுதெமாத்சு நியூ ஹேவனில் பேக்கன் குடும்பத்தில் வளர்ந்து, 1882இல் வாசர் கல்லூரியில் பட்டம் பெற்றார். கல்லூரிப் பட்டம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண்மணி அவரே. ஷிகெகோ அதே கல்லூரியில் இசை பயின்றார்.

1882இல் உமேகோ தாயகம் திரும்பியபோது அவரிடம் ஜப்பானிய மொழி இல்லை. தந்தை ஆங்கிலம் அறிந்தவர், தாய் அறியாதவர். பதினேழு வயது மகளும் பெற்ற தாயும் நேர்நின்று பேசிக்கொள்ள இயலாத நிலை. அந்நாளில் தம் மனத்தை அவர் திறந்து காட்டியது லான்மன் அம்மையாருக்கு ஆங்கிலத்தில் எழுதிய மடல்களில்தான். அவர் நிறுவிய கல்லூரியின் பரணில் கிடந்த அம்மடல்கள் 1984இல் கண்டெடுக்கப்பட்டன.

இழந்தது மொழி மட்டுமன்று என்பதை மொழியியலார் உணர்வர். ஆங்கிலத்தில் கொடுத்தலைக் குறிக்கப் பெரும்பாலும் ஒரே சொல் போதும். ஜப்பானிய மொழியிலோ 'யாரு', 'அகெரு', 'சாஷியகெரு', 'குரெரு', 'குதசாரு' எனப் பல சொற்கள் உள. கொடுப்பவர் யார், பெறுபவர் யார், அவருள் உயர்ந்தவர் யார், நம்மவர் யார் என்பதை அறிந்தாலன்றிச் சரியான சொல் வாராது. தமிழர்க்கு இது புதிதன்று. இரப்போருள் இழிந்தோன் 'ஈ' என்றும், ஒப்போன் 'தா' என்றும், உயர்ந்தோன் 'கொடு' என்றும் கூறுவான் எனத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. இவ்வகை மொழியை இழந்தவர், சமூகத்தில் தாம் நிற்கும் இடத்தைக் காட்டும் வரைபடத்தையே இழந்தவராவார்.

அந்த இடமோ முன்னரே குறுகலாக இருந்தது. ஷிகெகோவுக்கு இசையாசிரியர் பணி கிட்டியது. மற்ற இருவரையும் பத்தாண்டுகள் படிக்கவைத்த அரசு, அவர்கள் வந்தபின் என்ன செய்வது என்று எண்ணிவைக்கவில்லை. சுதெமாத்சு 1883இல் படைத்துறை அமைச்சர் ஓயாமா இவாவோவை மணந்தார். அமைச்சரின் மனைவி என்னும் இடத்திலிருந்தே தம் பொதுப்பணிகளை ஆற்ற முடிந்தது. உமேகோ மணம் புரிய மறுத்தார். உயர்குடிப் பெண்கள் பள்ளியில் கற்பித்தும் மனம் நிறையாமல், 1889இல் மீண்டும் அமெரிக்கா சென்று பிரின் மார் கல்லூரியில் உயிரியல் பயின்றார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற தாமஸ் ஹண்ட் மார்கனுடன் இணைந்து தவளை முட்டை பற்றி எழுதிய ஆய்வுரை 1894இல் வெளிவந்தது.

இதுவரை கேட்டோர் தட்டு அமெரிக்கப் பக்கம் தாழ்ந்துவிட்டது என்று கருதக்கூடும். சற்றுப் பொறுத்தருள்க. உமேகோ திரும்பிய அதே 1882இல்தான் சீனத் தொழிலாளரை விலக்கும் சட்டத்தை அமெரிக்கா இயற்றியது. இச்சிறுமியர் 1872இல் வந்திறங்கிய சான் பிரான்சிஸ்கோவில், 1906ஆம் ஆண்டு ஜப்பானியப் பிள்ளைகளைத் தனிப்பள்ளிக்கு அனுப்பக் கல்வி வாரியம் ஆணையிட்டது. ஜப்பானியர் குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என 1922இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1924ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களின் குடியேற்றத்துக்கே கதவடைத்தது. இவையனைத்தும் உமேகோவின் வாழ்நாளில் நிகழ்ந்தவை. அவரை மகளாய் ஏற்ற நாடு, அவர் இனத்தாரைக் குடிமக்களாய் ஏற்க மறுத்தது. அந்நாட்டுப் பெண்களுக்கும் நாடு தழுவிய வாக்குரிமை 1920இல்தான் வாய்த்தது. ஜப்பானியப் பெண்கள் 1946இல் முதன்முதலாகப் பொதுத்தேர்தலில் வாக்களித்தனர்.

ஆகவே எடை இவ்வாறு அமைகிறது. அமெரிக்கா தன் வீட்டுக்குள் வந்த ஒருத்தியின் திறமையைக் கண்டது. வாயிலில் நின்ற கூட்டத்தை வெறுத்தது. ஜப்பான் தன் மக்கள் அனைவரையும் தன்னவர் என்றது. வகுத்த இடத்தில் அடங்காத ஒருத்திக்கு இடம் தரத் தயங்கியது. உமேகோ எந்தத் தட்டையும் முழுதாய் ஏற்கவில்லை. அமெரிக்காவிலேயே ஆராய்ச்சியைத் தொடரும் வாய்ப்பை விடுத்து 1892இல் திரும்பினார். 1900இல் பத்து மாணவியருடன் தோக்கியோவில் ஆங்கிலப் பள்ளி தொடங்கினார். சுதெமாத்சு துணைநின்றார். சுதெமாத்சுவோடு ஒரே வீட்டில் வளர்ந்த அமெரிக்கப் பெண் ஆலிஸ் பேக்கன் கடல் கடந்து வந்து அங்குக் கற்பித்தார். அப்பள்ளியே இன்றைய சுடா பல்கலைக்கழகம். 2024 முதல் ஜப்பானின் 5,000 யென் தாளில் உமேகோவின் உருவம் விளங்குகிறது.

இறுதியாக ஒன்று. வீடு திரும்பிய சுதெமாத்சு தாயோடு பேச முடிந்தது, உமேகோவால் முடியவில்லை. வயது வேறுபாடு ஒரு காரணம். சுதெமாத்சு புறப்பட்டபோதே பதினொரு வயதினர். மற்றொரு காரணமும் உண்டு. நியூ ஹேவனில் பயின்றுகொண்டிருந்த அவர்தம் அண்ணன் கென்ஜிரோ, தங்கை தாய்மொழியை மறவாதிருக்கத் தாமே பாடம் சொல்லி வந்தார். உமேகோவுக்கு அப்படியொருவர் அருகில் இல்லை. வேற்றுமொழி ஓங்கி நிற்கும் நாட்டில் பிள்ளை வளர்க்கும் நாம் எந்தச் சமூகம் சிறந்தது என்று ஆராய்வதோடு, நம் வீட்டில் கென்ஜிரோவின் இடத்தில் இருப்பவர் யார் என்றும் கேட்டுக்கொள்வோமாக.